ஐ.சி.டி. பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. ஐந்து மாதம் முன்னால் பெரிய மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார், சண்டையும் போடுகிறார். போன வாரம் எடுத்த எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 28 என்று வந்தது. அட்டாக் வந்த சமயத்தில் எடுத்ததிலும் அதே 28தான். டாக்டர் ஐ.சி.டி. வைத்துவிடலாம் என்கிறார், நெஞ்சுக்குள் வைத்து இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியாம்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "அதுவும் பேஸ்மேக்கர்தான், பெரிய பேர் வைத்துக் காசு கூடக் கேட்கிறார்கள்" என்பது சித்தப்பா. "கரண்ட் பெட்டியை நெஞ்சுக்குள் வைத்தால் சும்மா சும்மா ஷாக் அடிக்கும்" என்பது அத்தை. டாக்டரிடம் பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, வியாழக்கிழமை மறுபடி போகிறோம். அதற்குள் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எனக்காவது புரிந்தால் மற்றவர்களைச் சமாளித்துவிடுவேன்.

#2 கேத்லேப் அக்கா

தம்பி, முதலில் சித்தப்பாவுக்குப் பதில். பேஸ்மேக்கர் இதயம் மெதுவாகத் துடிப்பவர்களுக்கு. ஐ.சி.டி. அதற்கு நேர் எதிர்: துடிப்பு தறிகெட்டு ஓடும்போது அதை நிறுத்துவதற்கு. வழக்கமான ஐ.சி.டி.க்குப் பேஸ்மேக்கர் வேலையும் தெரியும். பேஸ்மேக்கருக்கு ஐ.சி.டி. வேலை தெரியாது. விலை வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லிவையுங்கள். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. அதை ஐ.சி.டி. தடுக்காது, இதயத்தைப் பலப்படுத்தவும் செய்யாது. அட்டாக்கில் செத்துப்போன தசை தழும்பாக நிற்கிறது அல்லவா, அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வளைய வளைய ஓட ஆரம்பித்தால் துடிப்பு நிமிடத்துக்கு 180, 200 என்று எகிறும். இதை வி.டி. என்போம். அது முற்றினால் இதயத்தின் கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அது வி.எஃப். ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். இந்த இரண்டுக்கும்தான் ஐ.சி.டி.

இ.எஃப். என்றால் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. சாதாரணமாக 55 முதல் 70 வரை இருக்கும். 35 அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த ஆபத்து கூடுகிறது. அட்டாக் வந்த உடனே பெட்டி வைப்பதில்லை. குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்திருந்தால் மூன்று மாதம் மாத்திரை கொடுத்து, மறுபடி எக்கோ பார்ப்பார்கள். பலருக்கு அதற்குள் ஏறிவிடும். அப்பாவுக்கு ஏறவில்லை, அதனால்தான் டாக்டர் கேட்கிறார்.

#3 சால்டரிங் ராசா

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் வராமல் இருப்பேனா. பயோமெடிக்கல் ஆள், ஆயுள் முடிந்து கழற்றிய பெட்டிகளை அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

வெளிக்கூடு டைட்டானியம், லேசர் வெல்டிங். உடம்பின் ஈரம் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எடை 70, 80 கிராம். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். உள்ளே திறந்தால் பாதிக்குமேல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டே சாமான்: பேட்டரி, கெபாசிட்டர். மிச்ச இடத்தில் மைக்ரோபிராசஸரும் நினைவகமும் உள்ள சர்க்யூட் போர்டு, விரல்நுனி அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஷாக்கைத் திருப்பிவிடும் ஸ்விட்சுகள், வெளியே இருந்து பேச ஒரு ஆன்டெனா. தலைப்பகுதியில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கில் துளைகள் இருக்கும். இதயம் வரை போகும் லீட் வயர்கள் அதில்தான் சொருகும், குட்டித் திருகாணி வைத்து முடுக்குவார்கள்.

பேட்டரி சுமார் 3 வோல்ட். ஷாக்குக்கு வேண்டியது 700, 800 வோல்ட். வீட்டு பிளக்கில் வருவதே 230தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட்டை நேரடியாக விட்டால் ஒன்றும் நடக்காது. அதனால் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றிக் கெபாசிட்டரில் சேர்த்துக்கொண்டே போகிறது. சின்ன மோட்டார் வைத்து மாடித் தொட்டியை நிரப்பி, நிரம்பியதும் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிற மாதிரி. நிரம்ப எட்டு, பத்து நொடி. காலியாக ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கும் கொஞ்சமும். கணக்கு வேண்டுமென்றால் 125 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள கெபாசிட்டரில் 800 வோல்ட் ஏற்றினால் 40 ஜூல் சக்தி. பெரும்பாலான பெட்டிகளின் உச்ச ஷாக் 35 முதல் 40 ஜூல்தான். வெளியே இருந்து மார்பில் தட்டு வைத்துக் கொடுக்கும் ஷாக் 120, 200 ஜூல் வரை போகும், தோலையும் எலும்பையும் தாண்ட வேண்டுமே. உள்ளேயே கொடுத்தால் அவ்வளவு தேவையில்லை.

ஷாக் ஒரே திசையில் போவதில்லை. பாதியில் பிளஸ், மைனஸ் இடம் மாறும். அப்படிச் செய்தால் குறைந்த சக்தியிலேயே வேலை முடிகிறது.

பேட்டரியும் சாதாரணமானதல்ல. பேஸ்மேக்கரின் லித்தியம்-அயோடின் பேட்டரி சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும், வருடக்கணக்கில் ஓடும், ஆனால் திடீரென்று சில ஆம்பியர் கேட்டால் கை விரித்துவிடும். இதில் லித்தியம்-வெள்ளி வனேடியம் ஆக்சைடு போன்ற வகை. பத்து வருடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்ட நொடியில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு முழு சார்ஜும் அதன் ஆயுளில் சில வாரங்களைத் தின்றுவிடும்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அலுமினியக் கெபாசிட்டரை ரொம்ப நாள் சும்மா போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டு, அடுத்த முறை சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை பெட்டி தானே கெபாசிட்டரை முழுக்க நிரப்பி, யாருக்கும் தெரியாமல் உள்ளேயே வடித்துவிடும். இதயத்துக்கு ஒரு துளி போகாது. அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

#4 ஏன்எதற்கு

நிரம்பவே பத்து நொடி என்றால் அதுவரை ஆள் என்ன ஆவார்?

#5 சால்டரிங் ராசா

வி.எஃப். என்றால் பெரும்பாலும் மயங்கிவிடுவார். கண்டுபிடிக்கச் சில நொடி, நிரம்பச் சில நொடி, ஆக மொத்தம் பதினைந்து, இருபது நொடி. மூளைக்கு அது பாதகமில்லை. மயங்கியிருந்தால் ஷாக் வலியும் தெரியாது. வண்டி ஓட்டும்போது நடந்தால்தான் வம்பு. அதனால் ஷாக் வாங்கியவர்களைச் சில மாதம் வண்டி ஓட்ட வேண்டாம் என்பார்கள்.

#6 வைகைக்கரை

அண்ணே, அருமை. ஆனால் அப்பா மாடிப்படி ஏறினாலே துடிப்பு 130 போகும். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். அது நல்ல வேகமா கெட்ட வேகமா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அத்தை பயப்படுவது அதைத்தானே?

#7 சால்டரிங் ராசா

அத்தை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஷாக் கொடுப்பது சுலபம். எப்போது கொடுக்கக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் இந்தப் பெட்டியின் மூளை முழுக்க.

லீட் முனையில் இருக்கும் இரண்டு சின்ன மின்முனைகள் ஒவ்வொரு துடிப்பையும் கேட்கின்றன. இரண்டு துடிப்புக்கு இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று பெட்டி அளக்கிறது. டாக்டர் எல்லை போட்டுவைப்பார். உதாரணத்துக்கு நிமிடத்துக்கு 188க்கு மேல் போனால் வி.எஃப். என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு வேகத் துடிப்பு வந்தால் அசையாது. கடைசி 40 துடிப்பில் 30 அந்த எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். நாற்பதும் ஏன் வேண்டாம்? வி.எஃப்.பில் சிக்னல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும், சிலவற்றைப் பெட்டி தவறவிடும். அத்தனையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆள் போன பிறகுதான் முடிவெடுக்கும்.

சரி, மாடிப்படி. படி ஏறும்போது வேகம் படிப்படியாகக் கூடும், வி.டி. சட்டென்று எகிறும். மேலறையில் தொடங்கும் ஏ.எஃப். என்ற தாறுமாறான துடிப்பில் இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், வி.டி.யில் பெரும்பாலும் ஒரே சீர். அதோடு அப்பாவின் சாதாரணத் துடிப்பு அலை எந்த வடிவம் என்பதைப் பெட்டி சேமித்துவைத்திருக்கும். வேகம் கூடும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதே வடிவம் என்றால், "மேலே இருந்து முறையான வழியில்தான் வருகிறது" என்று விட்டுவிடும்.

வி.டி. என்றே முடிவானாலும் உடனே ஷாக் இல்லை. முதலில் ஏ.டி.பி. அந்த வி.டி.யின் வேகத்தைவிடச் சற்று வேகமாக எட்டுச் சின்ன துடிப்பு கொடுத்து, தழும்பைச் சுற்றி ஓடும் வளையத்துக்குள் நுழைந்து அதை முறித்துவிடும். வலி கிடையாது. நிறையப் பேருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வேகமான வி.டி. என்றால் ஒரு பக்கம் ஏ.டி.பி. கொடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் கெபாசிட்டரையும் நிரப்பும். நிரம்பியதும் மறுபடி ஒருமுறை பார்க்கும். இதயம் தானே சரியாகியிருந்தால் ஷாக்கை ரத்து செய்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வேண்டாத ஷாக் சிலருக்கு விழத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2012இல் வந்த மாடிட்-ரிட் ஆய்வில் எல்லையை 200க்கு உயர்த்தியோ, காத்திருக்கும் நேரத்தை நீட்டியோ பார்த்தார்கள். வேண்டாத சிகிச்சை வெகுவாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. அதற்கப்புறம் எல்லா இடத்திலும் பெட்டியைக் கொஞ்சம் பொறுமைசாலியாகவே செட் செய்கிறார்கள்.

#8 பெட்டிக்காரர்

தம்பி, எனக்கு இது நெஞ்சில் சில வருடமாக இருக்கிறது. ஷாக் வாங்கியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேஷன் கடை வரிசையில் நின்றேன். கண் இருட்டியது, மூட்டை மேல் உட்கார்ந்தேன். மயக்கம் முழுதாக வரவில்லை, அதுதான் கஷ்டம். நெஞ்சிலிருந்து முதுகு வரைக்கும் ஓங்கி ஒரு அடி. கத்திவிட்டேன். ஒரு நொடிதான். பக்கத்தில் தோளைப் பிடித்திருந்தவருக்குக் கையில் லேசாகச் சுரீர் என்றதாம், அவருக்கு வேறொன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாதாம்.

மறுநாள் மருத்துவமனையில் பெட்டி மேல் ஒரு கருவியை வைத்துக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இறக்கினார்கள். காகிதத்தில் அச்சடித்துக் காட்டினார்கள். முதலில் ஒரே உயரத்தில் நெருக்க நெருக்கமாகக் கூர்முனைகள். அப்புறம் எட்டு மெல்லிய கோடு, அதாவது ஏ.டி.பி. அடங்கவில்லை. மறுபடி எட்டு. அதற்கும் அடங்காமல் கோணல்மாணலாகப் போனது. அடுத்து ஒரு தடித்த கோடு, கீழே 35 ஜூல் என்று அச்சு. அதற்கப்புறம் ஒரு வெற்றிடம், ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு. அந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்களுக்குச் சொல்லியிருக்கும் விதி: ஒரு ஷாக் விழுந்து உடம்பு நன்றாக இருந்தால் டாக்டருக்கு போன் போதும். ஒரே நாளில் இரண்டு விழுந்தாலோ, விழுந்த பிறகு மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தாலோ நேராக அவசரப் பிரிவு. வலியைவிட, அடுத்தது எப்போது என்ற பயம்தான் சில மாதம் ஆட்டிவைத்தது. அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

#9 ஏன்எதற்கு

எல்லாம் சரி. இதுவரை வி.டி.யே வராத ஒருவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு? வராமலே போகலாமே?

#10 கேத்லேப் அக்கா

போகலாம். பலருக்குப் பெட்டி கடைசிவரை ஒரு ஷாக்கும் கொடுக்காமல் பேட்டரி தீர்ந்து மாற்றப்படுகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தால் இந்தப் பேச்சே இல்லை.

எண்ணோடு சொல்கிறேன். 2005இல் வெளிவந்த எஸ்.சி.டி.-ஹெஃப்ட் ஆய்வில் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே இருந்த 2,521 பேர். ஐந்து வருடத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு சுமார் 36 பேர் இறந்தார்கள், ஐ.சி.டி. வைத்தவர்களில் 29 பேர். துடிப்பைக் கட்டுப்படுத்தும் அமியோடரோன் மாத்திரை கொடுத்த கூட்டத்துக்குப் பலன் எதுவும் இல்லை. ஆக, ஐ.சி.டி.யால் தப்பியவர்கள் நூற்றுக்கு ஏழு. இது சின்ன எண்ணா பெரிய எண்ணா என்பது அவரவர் பார்வை. அட்டாக் வந்தவர்களுக்கு 2002இன் மாடிட்-2 ஆய்வும் இதையே சொன்னது. அடைப்பு இல்லாமல் வேறு காரணத்தால் இதயம் பலவீனமானவர்களை எடுத்த டேனிஷ் ஆய்வில், 2016இல், மொத்த இறப்பு பெரிதாகக் குறையவில்லை. அதனால் எல்லா இ.எஃப். 30க்கும் ஒரே பதில் கிடையாது. தம்பியின் அப்பாவுக்குத் தழும்பு இருக்கிறது, ஆதாரம் பலமாக உள்ள பக்கம் அவர் நிற்கிறார்.

#11 பழைய பஞ்சாங்கம்

நடுவில் கொஞ்சம் சரித்திரம். இதைக் கண்டுபிடித்த மிஷெல் மிரோவ்ஸ்கி வார்சாவில் பிறந்தவர். அவருக்கு ஆசானாக இருந்த மருத்துவர் ஹெல்லர் அடிக்கடி வி.டி. வந்து 1966இல் இறந்துபோனார். அவரை எத்தனை நாள் மருத்துவமனைக் கட்டிலிலேயே வைத்திருக்க முடியும்? கருவியை உள்ளேயே வைத்தால் என்ன என்று யோசனை அங்கே பிறந்தது. பால்டிமோருக்குப் போய் மார்ட்டன் மோவரோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தார். பெரிய பெரிய நிபுணர்களே "நடக்காத காரியம், நடந்தாலும் தேவையில்லை" என்றார்கள். சோதனைக்காகக் கருவி வைத்த நாய் சுருண்டு விழுந்து, ஷாக் வாங்கி, எழுந்து வாலாட்டும் படத்தைப் போட்டுக் காட்டினால், விழுவதற்குப் பழக்கிய நாய் என்றார்களாம். அப்புறம் படத்திலேயே ஈ.சி.ஜி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

1980 பிப்ரவரி 4, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, முதல் மனிதப் பொருத்தல். அறுவை செய்தவர் லீவை வாட்கின்ஸ். அப்போது கால் கிலோ எடை, நெஞ்சைப் பிளந்து வயிற்றில் வைத்தார்கள். இரண்டு முறையாவது இதயம் நின்று பிழைத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 1985இல்தான் அமெரிக்க அரசின் ஒப்புதல்.

#12 வைகைக்கரை

கேட்கவே மலைப்பாக இருக்கிறது. எது முதலில் கெட்டுப்போகும்? பேட்டரியா?

#13 சால்டரிங் ராசா

பேட்டரி தீர்வது கெடுவதல்ல, கணக்கு. ஏழு முதல் பத்து வருடம், சிலதில் இன்னும் கூட. முன்கூட்டியே எச்சரிக்கும், பழைய வெட்டைத் திறந்து பெட்டியை மட்டும் மாற்றுவார்கள்.

நோஞ்சான் லீட்தான். காறை எலும்புக்கு அருகே ஒரு சிரை வழியாக நுழைந்து வலது கீழறை வரை போகும் வயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குள் பல கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் தனி உறை. முனையில் குட்டித் திருகு, தசையில் திருகி நிறுத்துவார்கள். அதற்குச் சற்று மேலே சில சென்டிமீட்டர் நீளச் சுருள், ஷாக் அங்கிருந்து கிளம்பி டைட்டானியப் பெட்டிக்கே போகிறது. ஆம், பெட்டியின் கூடும் ஒரு மின்முனை. முடிந்தவரை இடது பக்கம் வைப்பதற்கு அதுதான் காரணம். சுருளுக்கும் கூட்டுக்கும் நடுவில் இதயம் மாட்ட வேண்டும்.

இந்த வயர் ஒரு நாளைக்கு சுமார் ஒரு லட்சம் முறை வளைகிறது. கம்பி முறிந்தால் வரும் இரைச்சலைப் பெட்டி வி.எஃப். என்று நினைத்து மாறி மாறி அடிக்கும். 2007இல் மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் லீட் இந்தக் காரணத்தால்தான் திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் உலகம் முழுக்க சுமார் 2,68,000 பொருத்தியாயிற்று. இப்போதைய பெட்டிகள் லீட்டின் மின்தடையைத் தினமும் தாமே அளந்து, மாறினால் பீப் அடிக்கும் அல்லது நெஞ்சில் அதிரும். அந்த பீப் கேட்டால் அன்றைக்கே போக வேண்டும்.

இதற்குப் பயந்துதான் லீட்டை இதயத்துக்குள் விடாத எஸ்-ஐ.சி.டி. வந்தது, 2012இல் அமெரிக்க ஒப்புதல். பெட்டி இடது அக்குளுக்குக் கீழே, வயர் மார்பெலும்பை ஒட்டித் தோலுக்கடியில். தூரம் கூட என்பதால் 80 ஜூல் வேண்டும், பெட்டியும் பெரிது. ஏ.டி.பி. கொடுக்க முடியாது.

#14 வைகைக்கரை

அப்பா கிரில் பட்டறை வைத்திருக்கிறார். இத்தனையும் படித்துக் காட்டினேன், அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வெல்டிங் அடிக்கலாமா?"

#15 சால்டரிங் ராசா

ஆர்க் வெல்டிங் சும்மா இல்லை. ஹோல்டர் கேபிளும் எர்த் கேபிளும் சேர்ந்து போடும் காந்தப்புலம் லீட்டில் ஏறினால் பெட்டிக்கு அது துடிப்பாகத் தெரியலாம். எவ்வளவு ஆம்பியர், கேபிள் எவ்வளவு தள்ளி என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்குத் தனி விதி வைத்திருக்கிறது. டாக்டரிடம் பட்டறை விஷயத்தைப் பொருத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு அடிக்கும் பழக்கம் இருந்தால் அது போயே ஆக வேண்டும். அளவெடுப்பு, பெயின்ட், ஆள் மேய்ப்பது எல்லாம் தாராளமாக.

போனை இடது சட்டைப்பையில் வைக்க வேண்டாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி. காந்தம் பதித்த ஐஃபோன்களில் கூடுதல் கவனம். நெஞ்சருகே காந்தம் வந்தால் ஷாக் கொடுக்கும் வேலையைப் பெட்டி நிறுத்திவைக்கும். இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் சட்டத்தைச் சாதாரணமாக நடந்து தாண்டலாம், அதிலேயே சாய்ந்து நிற்கக் கூடாது.

#16 லண்டன் வாசி

ஒன்று விட்டுப்போய்விட்டது. இறுதிக் காலத்தில் படுக்கையில் இருப்பவருக்கு ஷாக்கை மட்டும் வெளியிலிருந்தே அணைத்துவைக்கலாம், அறுவை வேண்டாம். காலமான பிறகு தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். இங்கே தகனப் படிவத்திலேயே கேட்கிறார்கள்.

#17 பெட்டிக்காரர்

அவர் அப்பாவுக்கு வைக்கவே இல்லை, அதற்குள் தகனமா? நல்லாயிருக்கிறது போங்க. விஷயம் என்னவோ உண்மைதான், என் மகனிடம் நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.

#18 வைகைக்கரை

போய்விட்டு வந்தோம். தழும்பினால் வரும் வி.டி.க்கு ஏ.டி.பி. பயன்படும், அதனால் எஸ்-ஐ.சி.டி. வேண்டாம், ஒற்றை லீட் போதும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் வைக்கிறார்கள். இடது கையைச் சில வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. வெல்டிங் பற்றி நிறுவன விதியைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். சித்தப்பாவுக்கு #2ஐயும் அத்தைக்கு #7ஐயும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அத்தையிடமிருந்து இன்னும் பதில் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

#19 கேத்லேப் அக்கா

அடையாள அட்டை. அதில் பெட்டியின் மாடல் எண், லீட்டின் மாடல் எண் இரண்டும் இருக்கிறதா பாருங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் இரண்டுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும், பெட்டி மட்டும் ஏற்றதாக இருந்து பயனில்லை. எந்த வேகத்தில் எல்லை போட்டிருக்கிறார்கள் என்ற பிரின்ட் ஒன்றும் கேளுங்கள், கொடுப்பார்கள். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், அட்டையை முதலில் காட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடம் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஊசியால் குத்தி எடுக்க யாரையும் விடவும் வேண்டாம். உடனே எங்களைப் போன்றவர்களிடம் வந்துவிடுங்கள்.